வெட்டு மெஷினுக்கு ஓர் ஆட்டம்

மாங்குளம் சந்தியில் பாலன் நடத்தும் பாரில் ஒரு காலத்தில் நாலு விதமான விளையாட்டுப் பலகைகள் இருந்தன. பாலன் ஆறு வருடம் கொழும்பில் ஒரு பாரில் பரிமாறியவன். அங்கே கழுத்தில் ரை கட்டினவர்கள் பியரை ஓரமாக வைத்துவிட்டுப் பலகைக்கு முன்னால் மணிக்கணக்காக இருந்ததைக் கண்டவன், ஊருக்கு வந்து சொந்தமாகக் கடை போட்டதும் எல்லாவற்றிலும் ஒவ்வொன்று வாங்கி அடுக்கினான். சதுரங்கத்தின் ராசாவை ஒரு மாதத்துக்குள் யாரோ பொக்கற்றில் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். கொஞ்ச நாள் சோடா மூடி அரசாண்டது. பாம்பும் ஏணியும் பலகையில், பாம்பு கடித்தவன் இன்னொரு கிளாஸ் குடிக்க வேண்டும் என்று ஒரு விதி கொண்டுவந்தார்கள். பிறகு எல்லாரும் பாம்பைத் தேடியே போனதால் ஏணியைச் சீந்த ஆளில்லை. லூடோ, இறைச்சிக் குழம்பில் ஊறிச் செத்தது. மிஞ்சியது, காய்களை விரலால் சுண்டிக் குழியில் போடும் கரம் பலகை ஒன்றுதான்.

அந்தக் கரம் பலகையை வழக்காடு மன்றமாக ஆக்கியவன் ராசு.

ராசு, நெல் அறுக்கும் வெட்டு மெஷின்களுக்குத் தரகன். மாரியில் விதைத்த காலபோக நெல் முற்றி வரும்போது வெளி மாவட்டங்களிலிருந்து மெஷின்களைப் பிடித்து வந்து வயல் வயலாக இறக்கிவிடுவது அவன் தொழில். அவனுடைய தகப்பன் வவுனியாச் சந்தையில் தேங்காய் வியாபாரி. தேங்காயைத் தட்டிப் பார்க்க முதல் வாங்க வந்த ஆளைத் தட்டிப் பார்க்கிறவர். அந்தக் கை ராசுவுக்கும் வந்திருந்தது. ஆனால் அந்தக் கையாலும் ஒரு பிழை விட்டான். மூன்று வருடத்துக்கு முதல் ஒரு மாசியில், இரண்டு பேர் ஒரே நாளில் மெஷின் கேட்க, மனைவியின் சொந்தக்காரனுக்கு முதல் முறையைக் கொடுத்தான். அந்த இரண்டு குடும்பங்களும் அன்றிலிருந்து ஒருவர் செத்த வீட்டுக்கு மற்றவர் போவதில்லை. ராசுவின் வீட்டுக்கோ இரண்டு பகுதியுமே வருவதில்லை. அதன் பிறகு ஒரு வழக்கம் உண்டாக்கினான். ஒரே முறைக்கு இரண்டு பேர் நின்றால் பாலனின் பாருக்கு வர வேண்டும். ஒரே ஓர் ஆட்டம். வென்றவருக்கு மெஷின் முதலில் போகும். தரகனைக் கோபிக்கலாம், பலகையை யார் கோபிப்பது?

இந்த மாசியில் அப்படி நின்றவர்கள் துணுக்காய்ப் பக்கத்து ஏரம்புவும் ஆண்டியப்பனும். மற்றவர்களுடைய வயல்கள் ஒன்று வெட்டி முடிந்திருந்தன, இல்லையென்றால் இன்னும் பச்சையாகக் கிடந்தன. இந்த இரண்டும் மட்டும் கதிர் சாய்ந்து, இன்றைக்கு நாளைக்கு என்று நின்றன. நாளைக்குப் பின்னேரம் மழை என்று வானொலி சொல்லிவிட்டது. மெஷின் ஒன்றுதான். அது இன்றைக்குப் பகல் இரண்டு மணிக்கு வரும். இரவில் பனி விழுந்தால் மறுநாள் ஒன்பது மணிவரை வெட்ட முடியாது. ஏரம்புவுக்குப் பத்து ஏக்கர், ஆண்டியப்பனுக்கு மூன்று. ஏரம்புவுக்கு முதலில் போனால் ஆண்டியப்பனின் மூன்று ஏக்கரும் மழையில் படுத்துவிடும். படுத்த நெல் தண்ணீருக்குள் கிடந்து முளைத்தால் அந்த வீட்டில் அடுத்த காலபோகம் வரை சோறு விலைக்குத்தான். ஆண்டியப்பனுக்கு முதலில் போனால் ஏரம்புவின் கடைசி ஒன்றிரண்டு ஏக்கர் மழையோடு சூதாட வேண்டியிருக்கும்.

கணக்கு இவ்வளவு தெளிவாக இருந்தும் விட்டுக்கொடுக்கச் சொல்லி ஏரம்புவிடம் யாரும் கேட்கவில்லை. ஏரம்பு கெட்ட மனிதரல்ல. குளத்துத் திட்டத்தில் காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். உழைத்து முன்னுக்கு வந்தவர். ஆனால் முதல் சொல்லிய விலையை ஏற்றுக்கொண்டால் பரம்பரைக்கே இழுக்கு என்று நினைக்கிறவர். கச்சான் கடலை வாங்கப் போனால் குவியலின் மேலே கிடப்பதை ஒதுக்கிவிட்டு அடியில் கையை விட்டுக் கிளறித்தான் எடுப்பார். மேலே கிடப்பது எப்போதும் ஏமாற்று என்பது அவர் கொள்கை. கரம் ஆட்டத்தில் அந்தப் பக்கத்தில் அவரை வென்றவர் கிடையாது. பதினொரு மணிக்குப் பார் திறந்ததும் வந்து, மின்விசிறிக்குக் கீழே தன் கதிரையில் இருந்து, கை நடுங்காமல் இருக்க அளவாக ஒரு சாராயத்தை எடுத்துவிட்டு, விரல்களைச் சொடுக்கிக்கொண்டிருந்தார்.

ஆண்டியப்பன் வரவில்லை. வந்தது அவருடைய மனைவி வீரம்மா. சந்தியில் கச்சான் விற்கிறவள்; ஏரம்பு கிளறுவது அவளுடைய குவியலைத்தான்.

வாசலில் அவளைக் கண்டதும் கடலை மென்றவர்கள் மெல்லுவதை நிறுத்தினார்கள். நாற்பத்தைந்து வயது இருக்கும். வயலிலிருந்து நேரே வந்த சேற்றுக் கால்களைப் படியில் நன்றாகத் தேய்த்துத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தாள். ஆண்டியப்பன் வரம்பில் சறுக்கி விழுந்து கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடப்பதாகவும், அதனால் அவருடைய ஆட்டத்தைத் தான் ஆட வந்ததாகவும் சொன்னாள். மலைநாட்டிலிருந்து வந்து இறங்கிய குடும்பம். அவள் பிறந்தது வன்னியில் என்றாலும் பேச்சில் அந்த மலைக்காற்று இன்னும் அடித்தது.

பாலன் பதறிப்போய்க் காசு மேசைக்குப் பின்னாலிருந்து ஓடி வந்தான். பொம்பிளையளுக்கு இங்கே குடிவகை விற்கக் கூடாது, சட்டம் இருக்கிறது, யாராவது கண்டால் லைசென்ஸ் போய்விடும் என்றான்.

“விக்கக் கூடாதுன்னுதானே தம்பி சட்டம்?” என்றாள் வீரம்மா. “நான் வாங்க வரலியே. உக்காரத்தான் வந்திருக்கேன்.”

பாலன் சட்டத்தை மனதுக்குள் ஒருமுறை புரட்டிப் பார்த்தான். இருப்பதைப் பற்றி அதில் ஒன்றும் கண்டதாக நினைவில்லை. ராசுவைப் பார்த்தான். ராசு கூரையைப் பார்த்தான். உள்ளுக்குள் அவனுக்கு ஒரு சின்னக் குறுகுறுப்பு. சரக்கைத் தொடாமலே சந்தையில் இடம் பிடித்துவிட்டாளே என்று.

ஏரம்பு பெருந்தன்மையாகச் சிரித்தார். பிள்ளை விளையாடுமோ என்று ராசுவிடம்தான் கேட்டாரே தவிர அவளிடம் கேட்கவில்லை. பதில் அவளிடமிருந்து வந்தது. சண்டை முடிந்து முகாமில் அடைபட்டிருந்த காலத்தில், அவர்களுடைய கூடார வரிசைக்கு யாரோ ஒரு கரம் பலகை கொடுத்திருந்தார்களாம். ஆம்பிளைகள் பதிவுக்கும் விசாரிப்புக்கும் வரிசையில் நிற்கப் போய்விட, பலகை பொம்பிளைகள் கையில் மிஞ்சியதாம். நாள் முழுக்க வேறு என்ன வேலை என்று கேட்டுவிட்டு அவள் முன்னால் இருந்த கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

உட்கார்ந்தவள் உடனே ஆடத் தொடங்கவில்லை. சேலைத் தலைப்பால் பலகையை மூலை மூலையாகத் துடைத்தாள். பிறகு காயை அடிக்கிற ஸ்ரைக்கர் வில்லையை நிமிர்த்தி விளிம்பில் நிற்க வைத்துக் கையை எடுத்தாள். அது மெல்ல உருண்டு ஏரம்புவின் வலது கைப் பக்கத்துக் குழிக்குப் போய்ச் சேர்ந்தது. இன்னொரு முறை விட்டாள். மறுபடியும் அங்கேதான் போனது. பாலனிடம் ஒரு வெற்றுச் சிகரெட் பெட்டி கேட்டு வாங்கி, நாலாக மடித்து, பலகைக் காலுக்குக் கீழே செருகினாள். மூன்றாம் முறை ஸ்ரைக்கர் நட்ட நடுவில் சுற்றிப் படுத்தது.

“இவ்வளவு நாளும் இப்பிடித்தானே கிடந்தது” என்றார் ஏரம்பு. முகம் கொஞ்சம் மாறியிருந்தது.

“கிடக்கட்டும்ண்ணே. இன்னிக்கு மட்டும் நேரா நிக்கட்டும்.”

ராசு இருந்த இடத்தை விட்டு எழும்பிப் பலகைக்குப் பக்கத்தில் வந்து நின்றான். மூன்று வருடமாக அந்தப் பலகையில் ஏரம்பு வெல்வதைப் பார்த்தவன் அவன். தராசைப் பார்க்காமல் படிக்கல்லை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த தன்னை நினைக்க வெட்கமாக இருந்தது. தேங்காய் வியாபாரி மகன் செய்ய வேண்டிய முதல் வேலையைக் கச்சான் விற்கிறவள் செய்துவிட்டாள்.

கறுப்பு ஒன்பது ஏரம்புவுக்கு, வெள்ளை ஒன்பது வீரம்மாவுக்கு, நடுவில் சிவப்பு ஒன்று. சிவப்பை எடுத்தவர் கையோடு தன் காய் ஒன்றையும் எடுக்க வேண்டும். தவறினால் சிவப்பு திரும்ப நடுவுக்கு வந்துவிடும். சிவப்பு போகாமல் கடைசிக் காயைத் தொடக் கூடாது. அந்தப் பலகையின் சட்டம் அவ்வளவுதான்.

ஏரம்பு நன்றாகத்தான் ஆடினார். சரிவு போனாலும் கை போகவில்லை. பலகைச் சுவரில் மோதித் திரும்பி வந்து காயைப் பின்னாலிருந்து தட்டும் அடி அவருடைய பெயர் பெற்ற அடி. அப்படி இரண்டு போட்டபோது கடலை மென்றவர்கள் மேசையைத் தட்டினார்கள். வீரம்மா ஆடியதில் பார்க்க ஒன்றும் இருக்கவில்லை. அடி ஒன்று, காய் ஒன்று. எட்டாத காய்க்குக் கை நீட்டுவதில்லை. எடுக்க முடியாதபோது தன் காயை ஏரம்புவின் காய்க்கு முன்னால் மெல்ல நகர்த்தி வைத்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொள்வாள். காசு இல்லாதவள் சந்தைக்குப் போனால் எப்படி நடப்பாளோ அப்படி ஓர் ஆட்டம். ஒன்றையும் வீணாக்கவில்லை.

ஆனாலும் ஏரம்பு முந்திவிட்டார். அவருக்கு ஒரே ஒரு கறுப்பு மீதி, வீரம்மாவுக்கு மூன்று வெள்ளை. சிவப்பு ஓரமாக நின்றது. ஏரம்பு குனிந்து, மூச்சைப் பிடித்து, சுவரில் அடித்துத் திருப்பிச் சிவப்பைக் குழியில் இறக்கினார். பார் முழுக்க ஒரு பெருமூச்சு. இனி அந்தக் கடைசிக் கறுப்பையும் எடுத்துவிட்டால் ஆட்டம் முடிந்தது. அதுவோ எதிர்க் குழியின் வாயில், எப்போது விழுவோம் என்று நின்றது. நடுவில் ஒரு தடையும் இல்லை. கண் தெரியாதவனும் எடுக்கக்கூடிய காய்.

வழக்கத்தை உண்டாக்கியவன் ராசுதான். அந்த மூன்று ஏக்கரையும் தானே மழைக்கு விற்றுவிட்டது போல இருந்தது. வீரம்மாவின் முகத்தைப் பார்த்தான். அவள் பலகையைப் பார்க்கவில்லை. ஏரம்புவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அமைதியாகச் சொன்னாள்:

“எடுங்கண்ணே. அது லேசான காய்தான். நேரா அடிச்சா விழுந்துரும்.”

ஏரம்புவின் விரல் நின்றது.

அவர் காயைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி காயைப் பார்த்தார். குவியலின் மேலே கிடக்கிறது, எடு என்று விற்கிறவளே சொல்கிறாள். அவருடைய தலைக்குள் என்ன ஓடுகிறது என்று ராசுவுக்குக் கண்ணாடியில் பார்ப்பது போலத் தெரிந்தது. நேரே அடித்தால் காயோடு ஸ்ரைக்கரும் சேர்ந்து விழுந்துவிடுமோ? விழுந்தால் காயும் திரும்பி வரும், சிவப்பும் திரும்பி வரும். அதற்குத்தான் சொல்கிறாளோ? ஏரம்பு ஸ்ரைக்கரை வலப்பக்கம் நகர்த்தினார். இடப்பக்கம் நகர்த்தினார். கடைசியில் நேர்வழியை விட்டுவிட்டு, சுவரில் மெல்லத் தட்டி, திருப்பி வந்து காயைத் தடவும் மாதிரி ஓர் அடி அடித்தார். பூப்போல வந்த ஸ்ரைக்கர் காயைத் தொட்டது. காய் ஒரு முறை தலையை ஆட்டியது. விழவில்லை.

சிவப்பு நடுவுக்குத் திரும்பி வந்தது.

முறை வீரம்மாவுக்கு வந்தது. சிவப்பை நேரே அடித்து எடுத்தாள். வலது மூலையில் கிடந்த வெள்ளையைப் போட்டு அதை உறுதி செய்தாள். இரண்டாவது வெள்ளை இரண்டு சாண் தூரம். அதுவும் போனது. மூன்றாவது, ஏரம்புவின் கறுப்புக்கு ஒட்டினாற்போல் அதே குழியின் வாயில் கிடந்தது. மயிரிழை தவறினால் கறுப்பு விழுந்து அவர் வென்றுவிடுவார். ஸ்ரைக்கரை வைத்துவிட்டு விரலைச் சேலையில் ஒருமுறை துடைத்தாள். குழி அவள் பக்கத்தில் என்பதால் பெருவிரலால் பின்னுக்குச் சுண்டினாள். வெள்ளை மட்டும் போனது. கறுப்பு நின்ற இடத்தில் நின்றது.

ஒருவரும் கைதட்டவில்லை. கைதட்டினால் ஏதோ குறைந்துவிடும் போல இருந்தது. பாலன் மட்டும் ஒரு சோடாவை உடைத்து அவள் முன்னால் வைத்தான். விற்கவில்லை, சும்மா வைத்தான்.

“நீர் என்னை ஏமாத்திப்போட்டீர் பிள்ளை” என்றார் ஏரம்பு.

“பொய் ஏதும் சொன்னேனாண்ணே?”

நேரே அடித்திருந்தால் விழுந்திருக்கும் என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். பொய்யை அடையாளம் காண நாற்பது வருடம் பழகிய மனிதர் உண்மையைக் கண்டு மிரண்டுவிட்டார். ராசு தன் தகப்பனை நினைத்துக்கொண்டான். பொய் விலை சொல்லி ஆளை மடக்கும் வித்தை அவருக்கு அத்துப்படி. உண்மை விலையைச் சொல்லி மடக்கலாம் என்று அவருக்கும் தோன்றியதில்லை.

வீரம்மா சோடாவைப் பாதி குடித்துவிட்டு எழும்பினாள். வாசலுக்குப் போகவில்லை, ஏரம்புவின் பக்கம் திரும்பினாள். மெஷின் நெல்லை மூடை மூடையாகக் கட்டி இறக்கினால் தன் மூன்று ஏக்கரும் முடிய ஆறு மணியாகிவிடும், பிறகு பனி விழும், அவருக்கு இன்றைக்கு ஒன்றும் வெட்ட முடியாது என்றாள். அவருடைய உழவு மெஷினையும் அது இழுக்கும் பெட்டியையும் தன் வயலுக்கு அனுப்பினால் நெல்லை நேரே பெட்டிக்குள் கொட்டிவிடலாம். மூடை கட்டும் நேரம் மிச்சம். ஐந்து மணிக்கு மெஷின் அவர் வயலில் நிற்கும்.

“உங்களுக்காகத்தான் சொல்றேன்” என்றாள். “எனக்கு ஆறு மணின்னாலும் பரவாயில்லை.”

ஏரம்பு வழக்கம் போல யோசித்தார். அடியில் கையை விட்டுக் கிளறிப் பார்த்தார். இந்த முறை அடியிலும் அதே சரக்குத்தான் கிடந்தது. கதிரையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டுத் திறப்புக் கொத்தை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். உழவு மெஷினை ஓட்டியது அவரேதான்.

ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வீரம்மாவின் மூன்று ஏக்கரும் வெட்டி முடிந்து, நெல் அவளுடைய வீட்டு விறாந்தையில் மழைக்கு விரித்த தறப்பாளுக்குக் கீழே போய்ச் சேர்ந்தது. இறக்கி வைத்தவர்களில் ஏரம்புவும் ஒருவர். மறுநாள் பின்னேரம் அவருடைய கடைசித் துண்டை மெஷின் வெட்டிக்கொண்டிருக்கும்போது துணுக்காய்ப் பக்கம் வானம் கறுத்தது. கடைசிக் கதிர் மெஷினுக்குள் போனது, முதல் துளி ராசுவின் சட்டையில் விழுந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு சுருட்டுப் பிடிக்கிற நேரம்கூட இல்லை.

ஏரம்பு பெட்டியை இழுத்து மூடிவிட்டு, மழையில் நனைந்துகொண்டே ராசுவிடம் வந்தார்.

“அந்த ஒரு மணித்தியாலம் இல்லாட்டி ஒரு ஏக்கர் போயிருக்கும்” என்றார். “அதை அந்தப் பிள்ளை எனக்கு வித்துப்போட்டுது, ராசு. நான் ஒரு பேரமும் பேசேல்லை.”

சொல்லும்போது அவர் முகத்தில் தோற்றவரின் வாட்டம் இல்லை. நல்ல சாமானை நியாய விலைக்கு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவரின் முகம் அது.