மேலே கட்டிய கொடி

எங்கள் கம்பெனியில் சுதந்திர தினத்துக்கு முந்தின நாளே கொடியைக் கம்பத்தின் உச்சியில் மூட்டையாகக் கட்டிவிடுவார்கள். உள்ளே சாமந்தி இதழ்கள் இருக்கும். மேனேஜர் கயிற்றை இழுத்ததும் பூ அவர் தலையில் கொட்ட வேண்டும். போட்டோவுக்காக.

அது குடியரசு தினத்து முறை. ஆகஸ்ட் பதினைந்துக்குக் கொடியைக் கீழே கட்டி மேலே ஏற்ற வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் கொடி கட்டியது நான்தான், அதனால் தெரியும். அந்த வருடத்தோடு படிப்பு நின்றுவிட்டது.

இந்த முறை கொடியேற்றிய பிறகு கேன்டீனில் வினாடி வினா வைத்தார்கள். தாளில் எழுதினால் போதும், பேச வேண்டாம் என்பதால்தான் நானும் உட்கார்ந்தேன். ஜெயிக்கிற காண்ட்ராக்ட் பெண்ணைச் செக்கிங் டேபிளுக்கு மாற்றுவார்களாம். அங்கே நாற்காலி உண்டு. நான் மோல்டிங் மெஷின் பக்கத்தில் எட்டு மணி நேரம் நின்று, சூடாக விழும் பிளாஸ்டிக் மூடிகளில் பிசிறு வெட்டுகிறேன். சாயங்காலம் செருப்புக்குள் கால் நுழையாது.

இருபது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் அ, ஆ என்று இரண்டு விடைகள். எழுதி முடித்ததும் தாளைப் பக்கத்தில் இருப்பவரிடம் மாற்றித் திருத்தச் சொன்னார்கள். என் தாள் பேக்கிங் மோனிகாவிடம், அவளுடையது என்னிடம். எச்.ஆர். அன்புராஜ் சார் விடைகளை வாசித்தார். நாடு விடுதலை அடைந்த கிழமை வெள்ளி. சக்கரத்தில் இருபத்து நான்கு ஆரங்கள். பத்தொன்பது வரை எங்கள் இருவருக்கு மட்டும்தான் எல்லாம் சரி.

"இருபது. சுதந்திர தினத்தன்னிக்கு கொடி எப்படி ஏத்தணும்? விடை அ. கீழ கட்டி மேல ஏத்தணும்."

மோனிகா 'ஆ' எழுதியிருந்தாள். என் தாளில் அவள் டிக் போட்டாள். நாற்காலி எனக்குத்தான்.

முன்வரிசையில் இருந்த மேனேஜரின் தலைமுடியில் இன்னும் ஒரு இதழ் ஒட்டியிருந்தது. "இன்னா அன்பு, அப்ப காலைல நான் பண்ணது தப்பா?"

எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை என்றதும் நிறுத்திக்கொண்டார்கள்.

அன்புராஜ் சார் தாளை உற்றுப் பார்த்தார். "சாரி சார், பிரிண்ட் மிஸ்டேக். ஆ தான். மேல கட்டி அவுக்கறது. எல்லாம் மாத்திக்கங்கமா."

மோனிகா என்னைப் பார்த்தாள். "நான் காலைல பாத்தத எழுதிக்கினேன். இப்ப இன்னாடி பண்றது?"

"அடிச்சிடு," என்றேன். என் வாய்தான் சொன்னது. அவள் தாளில் டிக் போட்டதும் என் கைதான்.

கை கழுவுமிடத்தில் அன்புராஜ் சார் லட்டுத் தட்டோடு வந்தார். "பிரின்சி, நீ எழுதுனதுதாம்மா கரெக்டு. எனக்கும் தெரியும். சார் மூஞ்சிக்கு நேரா சொல்ல முடியுமா? ஜனவரிக்கு நீயே கொடி கட்டு, இன்னா? இந்தா, இன்னொன்னு எடுத்துக்கோ."

அவர் விரல் பதிந்திருந்த லட்டு. சிக்குப் பிடித்த எண்ணெய் வாடை. வாங்கினேன். "தேங்க்ஸ் சார்" என்று வேறு சொன்னேன். அவர் பார்த்துக்கொண்டே நின்றதால் முழுவதையும் தின்றேன்.

மறுநாள் மோனிகா நாற்காலியில் இருந்தாள். வெட்டிய மூடிகளை டிரேயில் கொண்டுபோய் வைத்தேன்.

"உக்காந்துக்கினே இருந்தாலும் இடுப்பு நோவுதுடி," என்றாள்.

வாயில் அந்த எண்ணெய் ஊறியது. துப்ப இடமில்லை. விழுங்கிவிட்டு, அடுத்த டிரேயை எடுக்கத் திரும்பி நடந்தேன்.