அப்பாவை எடுப்பது

அப்பாவின் கல்லறையில் புல் வெட்ட மலையேறும்போது சாங்கூக் அடிக்கடி நின்றார். நிற்கும்போதெல்லாம் தோளில் தொங்கிய புல்வெட்டும் இயந்திரத்தைக் குறை சொன்னார். தங்கை மல்சுக் படையலுக்கான பேரிக்காய்க் கூடையோடு பின்னால் வந்தாள். கீழே அமெரிக்கப் படையின் இரும்பு வாயில். சுடும் பயிற்சி இல்லாத நாளில், மதியம் வரை மட்டும், கல்லறை உள்ளவர்களை உள்ளே விடுவார்கள்.

அப்பாவைப் புதைத்த பிறகுதான் இந்த மலை படையின் கைக்குப் போனது; புதிதாக யாரையும் புதைக்க விடுவதில்லை. அம்மாவின் அஸ்தி நகரத்தில் ஒரு கண்ணாடி மாடத்தில் இருந்தது. நாட்டின் வடக்கும் தெற்கும் ஒன்றானதும் படை கிளம்பிவிடும், அப்போது அம்மாவை அப்பா பக்கத்தில் வைக்கலாம் என்று சாங்கூக் சொல்லிக்கொண்டே இருந்தார். மல்சுக்குக்குப் பொறுமை தீர்ந்துவிட்டது. இது சில வருடங்களுக்கு ஒருமுறை கூடுதலாக வரும் அதிக மாதம். கல்லறையைத் தொட்டாலும் தோஷமில்லாத மாதம். அப்பாவின் எலும்புகளைத் தோண்டி எடுத்து, எரித்து, அம்மாவிடம் கொண்டுபோக நினைத்தாள். மூத்த மகன் சரி சொல்லாமல் அது நடக்காது.

"அண்ணே, இந்த மாசத்த விட்டா இன்னும் மூணு வருஷம் ஆகும்."

"நாடு ஒண்ணாயிட்டா அமெரிக்காக்காரனுக்கு இங்க என்ன வேலை? யாரப் பாத்துக் காவல் காப்பான்?"

"சீனாவப் பாத்தாம். என் பையன் சொல்றான்."

"பட்டாளத்துல முட்டைக்கோஸ் நறுக்கினவன்தான? அவன்கிட்ட போய்க் கேளு."

"ஜெர்மனி ஒண்ணாயி எவ்வளவு காலமாச்சு? அமெரிக்காக்காரன் இன்னும் அங்கதான இருக்கான்?"

"ரஷ்யாக்காரன் போனான்ல?"

"பாதிப் படைதான போச்சு? அப்ப அம்மாவையும் பாதி கொண்டுவந்து வைப்போமா?"

சாங்கூக்குக்குச் சிரிப்பு வந்தது. மூச்சு போதாமல் அது இருமலாக முடிந்தது.

உச்சியில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மண்மேடுகள். இரண்டிலும் பெயர்க்கல் கிடையாது. பாங் வீட்டுத் தாத்தாவின் மேட்டில் புல் இடுப்பளவு நின்றது. அப்பாவின் மேட்டில் யாரோ ஏற்கெனவே ஒட்ட வெட்டியிருந்தார்கள். நடுவில் சிவப்புத் துணி கட்டிய ஒரு குச்சி. 'பாங் குடும்பம். நாளை எடுக்கப்படும்.' கீழே ஒரு தொலைபேசி எண்.

"மேடு மாறிப் போச்சு," என்றாள் மல்சுக். "இடம் தெரிஞ்ச அவங்க வீட்டுப் பெரியவர் போன குளிர்காலத்துல போய்ச் சேந்துட்டாரு. பசங்களுக்கு எது எதுன்னு தெரியல."

சாங்கூக் புல்லில் உட்கார்ந்தார்.

"நாளைக்கு அப்பாவ எரிச்சு, அவங்க தாத்தா பேர எழுதி வச்சிருப்பாங்க."

"நல்லாத்தான் கவனிச்சிருப்பாங்க," என்றாள். இருவரும் சிரிக்கவில்லை.

அவர் குச்சியைப் பிடுங்கிப் பக்கத்து மேட்டில் நட்டார். கையில் ஒட்டிய மண்ணைத் தட்டாமல் நின்றார்.

"எனக்கப்புறம் உன் பையனுக்கு அடையாளம் தெரியுமா?"

"அவன் இங்க வந்ததே இல்லையே அண்ணே."

கீழே வாயிலில் ஒரு வண்டி நுழைந்தது. சாங்கூக் அது மறையும் வரை பார்த்தார்.

"நாளைக்கு வர்ற ஆளுங்ககிட்ட நம்ம அப்பாவையும் எடுக்கச் சொல்லு. அனுமதியெல்லாம் எப்பவோ வாங்கி வச்சிருப்பியே."

"வாங்கிட்டேன். நீங்க சரின்னு சொல்லத்தான் காத்திருந்தேன்." பிறகு மெதுவாகக் கேட்டாள்: "படை போயிரும்னீங்களே?"

"இருந்தா இருக்கட்டும், போனா போகட்டும். எனக்கு மலையேற முடியலம்மா."

சிக்னல் கிடைக்கும் இடம் தேடி அவள் சரிவோரம் போனாள். பின்னால் இயந்திரம் உறுமியது. திரும்பிப் பார்த்தாள். பாங் வீட்டு மேட்டில் அவர் புல் வெட்டிக்கொண்டிருந்தார்.

"நாளைக்குத் தோண்டப்போறதுக்கு எதுக்குண்ணே?"

"அவங்க நம்மளத வெட்டிட்டாங்கல்ல," என்று கத்தினார்.