எழுபதுதான் காட்டியது

கட்டுப் போட்ட கை சட்டைக்குள் நுழையவில்லை. ஞானராஜ் பிளேடால் தையலைப் பிரித்து, தங்கை கணவன் வியாகுலத்தின் கையை மெதுவாக உள்ளே விட்டான். கல்யாணத்துக்கு எடுத்த சட்டை. ஆஸ்பத்திரியிலிருந்து உடல் மதியம்தான் வந்திருந்தது. நாலு மணிக்கு மாதா கோவிலில் அடக்கப் பூசை.

வியாகுலம் காகித ஆலையில் பம்ப் ஆபரேட்டர். அங்கே எலக்ட்ரீசியனாக இருந்த ஞானராஜ்தான் அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவன். முந்தின நாள் மாலை பெரிய மோட்டார் சூடேறி, ஒயர்கள் சேரும் இரும்பு டப்பா வெடித்தது. பக்கத்தில் நின்ற வியாகுலம் விடியும்வரைதான் தாங்கினான்.

அப்படி எதுவும் நடக்கக்கூடாது என்றுதான் அந்த வருஷம், எண்பத்தேழில், பெங்களூரிலிருந்து கன்ட்ரோலரை வரவழைத்தார்கள். மோட்டாருக்குள் பதித்த சென்சார் சூட்டைச் சொல்லும். கன்ட்ரோலர் அதை எண்ணாகக் காட்டும். நூற்றிருபது டிகிரியைத் தாண்டினால் தானே மோட்டாரை நிறுத்திவிடும். அந்த நூற்றிருபதை அதற்குள் பதிந்து வைத்தவனும் ஞானராஜ்தான்.

நேற்றுக் காலை ஷிப்டில் அது மூன்று முறை நிறுத்தியது. ஞானராஜ் தொட்டுப் பார்த்தான். மோட்டார் வழக்கம்போலத்தான் சுட்டது. சென்சார் கெட்டுவிட்டது என்று முடிவு செய்தான். கையில் வேறு சென்சார் இல்லை.

"மோட்டாரு நிக்க நிக்கப் பேப்பர் அறுந்து போவுது, எதாச்சும் பண்ணுய்யா" என்று ஷிப்ட் இன்சார்ஜ் கத்தினார்.

சென்சார் ஒயரைக் கழற்றி, அந்த இடத்தில் ஒரு சின்ன ரெசிஸ்டரை மாட்டினான். அதற்கப்புறம் மோட்டார் எரிந்தாலும் கன்ட்ரோலர் எழுபதுதான் காட்டும். இரண்டு மணி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில், கேட்டில் எதிரே வந்த வியாகுலத்திடம் "வரேன் மாப்ள" என்றதோடு சரி.

வியாகுலத்தோடு அதே ஷிப்டில் இருந்த ஹெல்பர் மாது, தலைமாட்டில் உட்கார்ந்திருந்த ஞானராஜின் தங்கை லூர்தம்மாளிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

"கருகுன நாத்தம் வருதுன்னு அவருதாங்க்கா மொதல்ல சொன்னாரு. நிறுத்திப்புடலாமான்னு கேட்டேன். 'எழுவதுதான் காட்டுது. எங்க மச்சான் மாட்டுன மிசினு, தப்பாக் காட்டாது'ன்னாரு. எங்கிருந்து வருதுன்னு பாக்கத்தான் கிட்டப் போனாரு."

"கேட்டியாண்ணா?" என்று லூர்தம்மாள் நிமிர்ந்தாள். அழுது வீங்கிய முகத்தில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

ஞானராஜ் சட்டைப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டிருந்தான்.

இன்சார்ஜ் மாலையோடு வந்தார். போட்டுவிட்டு, ஞானராஜை வாசலுக்கு அழைத்துப் போனார்.

"சென்சார் நல்லாத்தான் இருந்துச்சு, ஆபரேட்டர்தான் கவனிக்கலைன்னு எழுதியிருக்கேன். ஒரு கையெழுத்துப் போட்டுடு. உனக்கும் வேலை நெலைக்கணும் பாரு."

"போட மாட்டேங்க சார்."

கணவன் கையில் சுற்ற ஜெபமாலை எடுக்க லூர்தம்மாள் உள்ளறைக்குப் போயிருந்தாள். ஞானராஜ் கதவைப் பிடித்தபடி நின்றான்.

"லூர்து, மாப்ள மேல தப்பில்ல. சென்சாரக் கழட்டி உட்டது நான்தான். அவருகிட்டச் சொல்லாமப் பூட்டேன்."

டிரங்குப் பெட்டிக்குள் துழாவிய கை நின்றது. வெளியே யாரோ ஒருத்தி ஒப்பாரியை ஆரம்பித்து, முடித்தாள்.

"சொல்றதுக்கு எவ்ளோ நேரம் ஆயிருக்கும்?"

"ஒரு நிமிசம்."

ஜெபமாலையை எடுத்துக்கொண்டு டிரங்கை மூடினாள்.

"இத எல்லாரு முன்னாலயும் சொல்லுவியா?"

"சொல்றேன்."

"சொல்லு." அவனைத் தாண்டும்போது முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "அவரு பெட்டியத் தூக்க மட்டும் நீ வராத."

கூடத்தில் நின்று சொன்னான். இன்சார்ஜ் எழுந்து போய்விட்டார். மாது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். எல்லாம் சொல்லி முடிக்க ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆகவில்லை.

கோவில் மணி அடித்தது. சவப்பெட்டியின் முன்பக்கம், மச்சான் நிற்க வேண்டிய இடத்தில், மாது தோள் கொடுத்தான். மற்ற மூவரையும்விட அவன் ஒரு சாண் குள்ளம். தெருவில் பெட்டி அந்தப் பக்கமாகச் சாய்ந்தே போனது. கூட்டத்துக்குப் பத்தடி பின்னால் ஞானராஜ் நடந்தான்.

திருப்பத்தில் எல்லோரும் ஒரு கணம் நின்றார்கள். யாரோ தன் துண்டை நாலாக மடித்து மாதுவின் தோளில் வைத்தார்கள். பெட்டி நேரானது. நடந்தார்கள்.