மாதக் கடைசிக்குள்

வெண்டி ஹாஸ்லமின் சமையலறையில் அன்று மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். வீட்டுக்காரி வெண்டி ஒரு பக்கம். ஒன்றரை வருடமாக அவள் வீட்டு மாடியறையில் தங்கியிருக்கும் ஓமெல்யான் எதிர்ப்பக்கம். இருவருக்கும் நடுவே, நகராட்சியிலிருந்து மொழி மாற்றிச் சொல்ல வந்திருந்த யூஸ்தினா. ஓமெல்யானின் மனைவி ஹலினா மாடியில் நடந்துகொண்டிருந்தாள். மறதி நோயில் நினைவு மங்கிப்போன அவளுடைய நடைச் சத்தம் தலைக்கு மேலே ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

யூஸ்தினாவும் உக்ரைன்காரிதான். போர் தொடங்கிய வருடமே கடலோர ஊரான கார்ன்ஹோமுக்கு வந்து சேர்ந்தவள். ஆங்கிலம் தெரியும் என்பதால் நகராட்சியின் அகதிகள் பிரிவில் வேலை கிடைத்தது. அகதிகளுக்கு வீட்டில் இடம் கொடுத்தவர்களுக்கு அரசாங்கம் மாதாமாதம் ஒரு தொகை தரும். வந்த ஒவ்வொருவருக்காகவும் நகராட்சிக்கும் ஒரு மானியம் உண்டு. முதலில் அது தாராளமாக வந்தது. அப்புறம் பாதியாகச் சுருங்கியது. ஆறு பேர் வேலை பார்த்த பிரிவில் இப்போது மிஞ்சியிருப்பது யூஸ்தினாவும் மேலாளர் பிலிப்பாவும்தான். மார்ச்சுக்குப் பிறகு அவர்களும் இருப்பார்களா என்பது பிலிப்பாவுக்கே தெரியாது.

"நேராவே சொல்லிடு கண்ணு" என்றாள் வெண்டி. "போன வாரம் அந்தம்மா கேஸைத் திறந்து விட்டுட்டு மேல போயிட்டா. நல்லவேளை, நான் முழிச்சுக்கிட்டேன். விடிய விடிய நடக்குறா. நான் இருட்டோட எழுந்து போயி சூப்பர்மார்க்கெட்ல ரொட்டி சுடணும். கண்ணை மூடி எத்தனை நாளாச்சு! இதுக்கு மேல என்னால முடியாது. இந்த மாசக் கடைசிக்குள்ள அவங்க காலி பண்ணியாகணும்."

சொல்லும்போதே அவள் கண்கள் சிவந்து வீங்கியிருந்தன. வெண்டி கெட்டவள் இல்லை. ஹலினாவின் பிறந்தநாளன்று தன் செலவில் அவளுக்கு முடி திருத்திக் கூட்டி வந்தவள்.

யூஸ்தினா ஓமெல்யான் பக்கம் திரும்பினாள். உக்ரைனின் கார்கிவ் நகரில் டிராம் ஓட்டிய மனுஷர். டாக்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவர்போல இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றியிருந்தார். முந்தின நாள் ஆபீசில் பிலிப்பா சொன்னது யூஸ்தினாவின் காதிலேயே நின்றிருந்தது. "எப்படியாவது இழுத்துப் பிடி. கீழ்த்தள வீடு ஒண்ணுகூட கைவசம் இல்ல. வெண்டி கைவிட்டா அவங்களை வேற ஊர்ல ஓட்டல் ரூம்லதான் போடணும். அந்தச் செலவை எங்க கொண்டு போய் எழுதுறது? ஏப்ரல்ல புது மானியம் வரட்டும், பாத்துக்கலாம்."

அந்த மாதிரி ஓட்டல்களை யூஸ்தினா பார்த்திருக்கிறாள். நீள நீளமான நடைவழி, ஒரே மாதிரிக் கதவுகள். ஹலினா அங்கே ஒரு நாள் தாங்கமாட்டாள்.

"அவங்களுக்கு ரொம்ப அலுப்பா இருக்காம்" என்று தங்கள் மொழியில் சொன்னாள். "கேஸ் விஷயத்துல கொஞ்சம் கவனமா இருக்கச் சொல்றாங்க. ராத்திரி சத்தம் வேண்டாமாம். வேற இடம் ஏதும் அமையுதான்னு மெதுவாப் பாக்கச் சொல்றாங்க. அவசரமில்லையாம்."

"இவ்வளவு நேரம் பேசினது இதைத்தானா?"

"இதைத்தான்."

"மூஞ்சியைப் பார்த்தா அப்படித் தெரியலையே மகளே. எங்களைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கிறா. இந்த வீட்டுக்கு வந்தப்ப ஹலினாவுக்கு என் பேராவது தெரிஞ்சுது. இப்ப அதுவும் இல்ல. புது இடத்துக்கு இவளை எப்படி இழுத்துக்கிட்டுப் போவேன்? நான் எங்கயும் போறதா இல்லன்னு சொல்லிடு."

"என்ன சொல்றார்?" என்று கேட்டாள் வெண்டி.

"உங்க கஷ்டம் புரியுதாம். இத்தனை நாள் வச்சிருந்ததுக்கு ரொம்ப நன்றின்னு சொல்றார். மாசக் கடைசிக்குள்ள போயிடுறாங்களாம்."

வெண்டிக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. மேஜைக்குக் குறுக்கே கையை நீட்டி ஓமெல்யானின் கையைத் தட்டிக்கொடுத்தாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அழுகிறவளைப் பார்த்து அவர் முகமும் இளகிவிட்டது.

யூஸ்தினா இப்படிச் செய்வது அது முதல்முறை இல்லை. எத்தனையோ வீடுகளில் இரண்டு பக்கத்துச் சொல்லையும் முனை மழுக்கித்தான் கொடுத்திருக்கிறாள். நாலு நாளில் கோபம் தானாக ஆறிவிடும். அடுத்த முறை போகும்போது இருவரும் ஒன்றாக உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருப்பார்கள். "உன் கைக்கு வந்த வீடு உடையறதே இல்ல" என்று பிலிப்பா பெருமையாகச் சொல்வாள். அது தன் சாமர்த்தியம் என்றே யூஸ்தினாவும் நம்பியிருந்தாள். இன்னும் மூன்று வாரம் இருக்கிறது, அதற்குள் ஏதாவது ஒரு வீடு கிடைக்காமலா போகும், கிடைத்ததும் இரண்டு பேரிடமும் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தபடி காரைக் கிளப்பினாள்.

வீடு கிடைக்கவில்லை. கேட்ட இடமெல்லாம் கையை விரித்தார்கள். வெண்டியிடமிருந்து போனில் செய்தி வந்தது: "அவர் மூட்டை கட்டுற மாதிரியே தெரியலையே?" யூஸ்தினா பதில் போட்டாள்: "ஏற்பாடு நடந்துகிட்டிருக்கு." பக்கத்துத் தெருவில் வேலை இருந்த நாளில்கூட அந்த வீட்டுப் பக்கம் அவள் போகவில்லை.

பிப்ரவரியின் கடைசி நாள் சனிக்கிழமையாக அமைந்தது. சாமான் ஏற்றிப் போக உதவியாக இருக்கட்டும் என்று வெண்டி தன் தம்பி கீத்தை வேனோடு வரச் சொல்லியிருந்தாள். வழியில் சாப்பிட ஒரு டப்பாவில் கேக்கும் வைத்திருந்தாள். ஓமெல்யான் கிளம்புகிற மாதிரி இல்லாததைப் பார்த்து, கீத்தே மாடிக்குப் போய்ப் பெட்டிகளைத் தூக்கிவர ஆரம்பித்தான். முன்பின் தெரியாத ஆள் தன் பெட்டியைத் தூக்கிப் போவதைக் கண்டதும் ஓமெல்யான் படிக்கட்டில் பாய்ந்து மறித்தார்.

"வைடா கீழ! யாரைக் கேட்டுடா தொடுற?"

"யோவ், நீதானய்யா போறேன்னு ஒத்துக்கிட்ட!" என்று கீத் கத்தினான்.

ஒருவர் சொன்னது மற்றவருக்குப் புரியவில்லை. பெட்டி படியில் உருண்டு வாய் பிளந்தது. நடுவில் நின்று வெண்டி யூஸ்தினாவைப் போனில் கூப்பிட்டாள். திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். யூஸ்தினா அப்போது கடையில் உருளைக்கிழங்கு பொறுக்கிக்கொண்டிருந்தாள். வெண்டியின் பெயர் தெரிந்தது. எடுக்கவில்லை. திங்கட்கிழமை பேசிக்கொள்ளலாம் என்று போனைப் பைக்குள் போட்டாள்.

சாமான் எடுப்பதற்காக வாசல் கதவு திறந்தே கிடந்தது. வீட்டுச் செருப்போடு ஹலினா அதன் வழியே போனதை யாரும் பார்க்கவில்லை. சண்டை ஓய்ந்து, ஓமெல்யான் மாடிக்குப் போய்ப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

போலீஸ் தேடியது. தெருக்காரர்கள் டார்ச்சோடு தேடினார்கள். செய்தி கேட்டு ஓடி வந்த யூஸ்தினாவும் கடற்கரை நெடுக "ஹலினா அம்மா" என்று தொண்டை கட்டும்வரை கூப்பிட்டாள். மறுநாள் காலையில் நாயோடு நடக்கப் போன ஒருவர், குளிர்காலத்துக்காகப் பூட்டிக் கிடந்த ஐஸ்கிரீம் கடையின் பின்னால் அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பதைக் கண்டார். உயிர் எப்போதோ போயிருந்தது.

சாவு விசாரணைக்காக ஓர் அதிகாரி வந்தார். யூஸ்தினா மொழிபெயர்க்க மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். "வேற ஆள் தேட நேரமாகும், நீயே போ" என்றாள் பிலிப்பா. ஓமெல்யானும் அவளைத்தான் கேட்டார். "நீ வா மகளே. உன் வாயால கேட்டாத்தான் எனக்கு மனசு நிக்கும்."

நகராட்சிக் கட்டடத்தின் ஒரு சின்ன அறையில் நால்வரும் உட்கார்ந்தார்கள். வெண்டி கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டே பேசினாள். "திடீர்னு யாரும் துரத்தலைங்க. மூணு வாரம் முந்தியே சொன்னேன். இவ மூலமாத்தான் சொன்னேன். மாசக் கடைசிக்குள்ள போயிடுறேன்னு அவரே ஒத்துக்கிட்டார். வேணும்னா இவளைக் கேளுங்க."

அதிகாரி யூஸ்தினாவைப் பார்த்துத் தலையசைத்தார். ஓமெல்யான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். அந்த அறையில் இரண்டு மொழியும் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். 'நடந்ததுக்கு ரொம்ப வருத்தப்படுறாங்களாம்' என்ற வாக்கியம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டு, வெண்டி சொன்னதைச் சொல் மாறாமல் சொன்னாள்.

"நான் எப்ப ஒத்துக்கிட்டேன்?" ஓமெல்யான் வெண்டியைக் கேட்கவில்லை, யூஸ்தினாவைத்தான் கேட்டார்.

"நீங்க ஒத்துக்கல. நான்தான் அப்படிச் சொன்னேன். அவங்க காலி பண்ணச் சொன்னதையும் உங்ககிட்ட நான் சொல்லல."

"என்ன பேசிக்கிறீங்க?" என்றார் அதிகாரி.

அதையும் ஆங்கிலத்தில் சொன்னாள். வெண்டி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். "அப்ப அவருக்கு ஒண்ணுமே தெரியாதா? நாங்க பெட்டியைத் தூக்குறப்ப..." வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஓமெல்யான் சத்தம் போடவில்லை. "ஏன்?" என்று மட்டும் கேட்டார்.

"வீடு இல்லன்னாங்க. உங்களை ஓட்டலுக்கு அனுப்பிடுவாங்கன்னு பயந்தேன்."

"ஓட்டலோ தெருவோ, எனக்குத் தெரிஞ்சிருந்தா அன்னைக்குக் காலைல இருந்து அவ கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பேனே. ஒரு நிமிஷம் விட்டிருக்கமாட்டேனே." அவர் அதிகாரி பக்கம் திரும்பினார். "இனிமே இவ எனக்காகப் பேச வேண்டாம். வேற யாரையாவது கூப்பிடுங்க."

அதையும் யூஸ்தினாதான் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது.

விசாரணையில் அவள் எதையும் மறைக்கவில்லை. பிலிப்பா சொன்னதையும் சொன்னாள். "நான் பொய் சொல்லவா சொன்னேன்? இழுத்துப் பிடின்னுதானே சொன்னேன்?" என்றாள் பிலிப்பா. அதுவும் உண்மைதான். யூஸ்தினாவின் வேலை போயிற்று. ஏப்ரலில் புது மானியம் வந்தது. அடுத்த வாரமே ஓமெல்யானுக்குக் கீழ்த்தளத்தில் ஓர் ஒற்றையறை வீடு ஒதுக்கினார்கள். வெள்ளையடிக்கக் காசில்லாமல் ஜனவரி முதலே பூட்டிக் கிடந்த வீடு.

வெண்டி ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்கு ரொட்டி கொண்டுபோய்க் கொடுக்கிறாள் என்று கேள்வி. போனில் மொழி மாற்றிச் சொல்லும் செயலியை நடுவில் வைத்துக்கொண்டு இருவரும் அதனிடம் கத்திக் கத்திப் பேசுவார்களாம். பாதி தப்பும் தவறுமாகத்தான் வரும். அவர்கள் விடுவதில்லை.

கோடையில், மீன் பதப்படுத்தும் ஆலையில் வேலை முடிந்த ஒரு மாலை, யூஸ்தினா அந்த வீட்டுக் கதவைத் தட்டினாள். ஓமெல்யான் திறந்தார். இளைத்திருந்தார். அவள் பேசத் தொடங்குமுன் கையை உயர்த்தித் தடுத்தார். இத்தனை நாளில் கற்ற கொஞ்ச நஞ்ச ஆங்கிலத்தில், தட்டுத் தடுமாறி, "போயிடுங்க. தயவுசெஞ்சு" என்றார். அவளிடம் தங்கள் மொழியில் பேச அவருக்கு இனி மனமில்லை என்பது அவளுக்குப் புரிந்தது.

கதவு மெதுவாகத்தான் சாத்தப்பட்டது. உள்ளே அவர் தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. அவள் கையில் மீன் வாடை அடித்தது. துடைத்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தாள்.