உமி அடைத்த வீடு

மேற்குத் தாம்பரத்து வீட்டை ஞானஜோதி பிடிவாதமாகக் கேட்டு வாங்கியதற்குக் காரணம் அதன் ஜன்னல்கள்தான். வெள்ளைக்காரன் காலத்தில் ரயில்வே கார்டு ஒருவர் கட்டிய வீடு. சீமை ஓட்டுக் கூரை, ஆளுயர ஜன்னல்கள், ஒவ்வொன்றுக்கும் மேலே கயிற்றை இழுத்தால் திறக்கிற காற்றுப்பலகை. கல்யாணமான புதிதில் வீடு பார்க்கப் போனபோது, சமையலறையைக்கூட எட்டிப் பார்க்காமல் இதையே முடித்துவிடலாம் என்கிறாளே என்று அவள் புருஷன் ஜெபசீலன் சிரித்தார்.

அந்த ஜெபசீலன்தான் இப்போது, எழுபத்து நாலாம் வருஷக் கோடையில், ஜன்னல்களை ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டிருந்தார்.

கெட்ட மனுஷர் இல்லை, பாவம். பள்ளிக்கூடத்தில் பௌதிகம் சொல்லிக்கொடுக்கிற வாத்தியார். அந்த வருஷம் எண்ணெய் விலை ஏறிப்போய், கரண்டும் நினைத்தபோது நின்றுபோய், விசிறிகள் சும்மா தொங்கிக்கொண்டிருந்தன. ஊர் முழுக்க மின்சாரக்காரர்களைத் திட்டியது. அவர் மட்டும் வீட்டைத் திட்டினார்.

"பிளாஸ்க்ல போட்ட ஐஸ் உருகாம இருக்கே, அதுக்கு யாராவது விசிறி போடறாங்களா? வீடும் அப்படி இருக்கணும் ஜோதி. பழைய வீடா இருந்தா என்ன, பண்ணிக் காட்டறேன் பாரு."

மகளை லீவுக்கு நாசரேத்தில் அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டு வேலையைத் தொடங்கினார். ஓட்டுக்குக் கீழே மூங்கில் பாய் கட்டி, அதன் மேல் சுண்ணாம்பு கலந்த உமியை மூட்டை மூட்டையாகப் பரப்பினார். படப்பை ரைஸ் மில்லிலிருந்து மாட்டு வண்டியில் வந்த உமி அது. வெயில் அறைகிற மேற்குச் சுவருக்கு வெளியே இரண்டு விரல் சந்து விட்டு இன்னொரு சுவர் எழும்பியது. அந்தப் பக்கத்து ஜன்னல்கள் செங்கலுக்குள் போயின. மிச்சமிருந்த ஜன்னல்களின் விளிம்பில் பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி ஒட்டினார். சாத்தினால் ஈ நுழையாது. வாசல் கதவுக்குக் கம்பளி அடித்தாயிற்று. ஓட்டுக்கு வெள்ளையும் அடித்தாயிற்று.

கொத்தனார் துளசிங்கத்துக்கு இந்த வேலை துளியும் பிடிக்கவில்லை. "இன்னா சார், வூடு கட்றமா, பிஸ்கோத்து டப்பா கட்றமா?" என்று கேட்டான். "காத்து வர்ற வழியெல்லாம் அடச்சிகினே போறியே. அம்மா மூஞ்சியப் பாரு, ஒரே பேஜாரா கீது."

"அம்மாவுக்கு சயன்ஸ் தெரியாது, நீ பூசுப்பா" என்றார் ஜெபசீலன்.

அம்மாவுக்குத் தெரிந்தது வேறு. அதைத்தான் பதிமூன்று வருஷமாக அவள் யாரிடமும் சொல்லவில்லை.

பத்தொன்பது வயதில் அவளுக்கு நெஞ்சில் காசம் கண்டிருந்தது. இதே தாம்பரம் சானடோரியத்தில் ஒரு வருஷத்துக்கும் மேலாகப் படுத்துக் கிடந்து, ஊசி போட்டு, முட்டையும் பாலுமாகத் தின்று தேறி வந்தவள். அங்கே வார்டுக்கு ஜன்னல் என்று பெயர்தானே தவிர, மூடின நாளே கிடையாது. மழைச்சாரல் போர்வையில் விழுந்தாலும் நர்ஸம்மா விடமாட்டாள். காற்றுதான் முதல் மருந்து, ஊசி அப்புறம் என்பாள். அதற்கு முன்னால் வீட்டில் அவளை வைத்திருந்தது உள்ளறையில். ஊர் பார்த்துவிடும் என்று கதவைச் சாத்தியே வைத்திருந்தார்கள். அவளோடு படுத்த தங்கை புஷ்பத்துக்கும் இருமல் வந்தது. புஷ்பம் பிழைக்கவில்லை.

குணமான பிறகு பெண்ணுக்குக் கல்யாணம் ஆக வேண்டுமே. மகள் வேலூரில் நர்ஸ் படிப்புக்குப் போயிருந்தாள், பாதியில் பிடிக்காமல் வந்துவிட்டாள் என்று அப்பா சொல்லிவைத்தார். ஜெபசீலன் வீட்டிலும் அதைத்தான் நம்பினார்கள். விரலில் கத்தி பட்டால் அவள் கட்டுப்போடத் தடுமாறுவதைப் பார்த்து, "நல்ல வேளை, வேலூர்க்காரங்க தப்பிச்சாங்க" என்று அவர் கேலி செய்வார். அவளும் கூடச் சிரிப்பாள்.

இப்போது சொல்லுங்கள், அந்த வீட்டுக்குள் அவள் எப்படித் தூங்குவாள்? கதவும் ஜன்னலும் சாத்தின முதல் ராத்திரியே, காதில் பஞ்சு வைத்தது மாதிரி வீடு அடைத்துக்கொண்டது. ரயில் சத்தம்கூட இல்லை. எழுந்தாள், உட்கார்ந்தாள், தண்ணீர் குடித்தாள், மறுபடி படுத்தாள். தன் மூச்சைத் தானே கேட்டுக்கொண்டிருந்தாள். ராத்திரிக்காவது திறந்து வைக்கலாமே என்று ஒருநாள் மெதுவாகக் கேட்டும் பார்த்தாள். உள்ளே சேர்ந்த குளிர்ச்சி ஓடிவிடும், பிளாஸ்க் மூடியை யாராவது திறந்து வைப்பார்களா என்றார் அவர். ஏன் கேட்கிறாள் என்று அவர் திருப்பிக் கேட்டுவிடுவாரோ என்று அத்தோடு வாயை மூடிக்கொண்டாள்.

ஆனால் பிளாஸ்க் வேலை செய்யவில்லை. பள்ளி லேபிலிருந்து கொண்டுவந்த தெர்மாமீட்டரை அறைக்கு ஒன்றாக மாட்டி, காலையில் எழுந்ததும் ஒவ்வொன்றின் முன்னாலும் ஜெபிக்கிறவர் மாதிரி நிற்பார். ஒரு டிகிரிகூடக் குறையவில்லை. அடுப்புச் சூடும் ஆள் சூடும் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே குந்தியிருந்தன. அவர் முகம் வாடிப்போகும்.

ஒரு வாரம் அவளால் பொறுக்க முடிந்தது. அப்புறம் அவர் தூங்கிப்போனதும் எழுந்து, கிழக்கு ஜன்னல்களைத் திறந்து, காற்றுப்பலகைக் கயிறுகளை இழுத்துக் கட்டிவிட்டு வந்து படுத்தாள். கிழக்கே கடல் பக்கமிருந்து காற்று தடதடவென்று உள்ளே வந்தது. அன்றைக்குத்தான் தூங்கினாள். விடிவதற்குள் எல்லாவற்றையும் சாத்திவிட்டாள். அதுவே வழக்கமாகிப்போனது.

அங்கேதான் வந்தது வினை. ராத்திரிக் காற்று குளிரவைத்துப் போன சுவரையும் தரையையும், பகல் வெயில் தொடவிடாமல் உமியும் இரட்டைச் சுவரும் காத்தன. வெளியே தார் ரோடு இளகுகிற நேரத்தில் உள்ளே தரை ஜில்லென்று இருந்தது. ஜெபசீலனுக்குத் தலைகால் புரியவில்லை. உமி படிந்து வேலை செய்ய நாள் ஆகும் போலிருக்கிறது என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தார். அண்டை வீட்டாரைக் கூப்பிட்டுத் தரையைத் தொடச் சொன்னார். ஞானஜோதி காபி கலந்து கொடுத்துவிட்டு அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டாள்.

பள்ளியின் தாளாளர் வேதசிரோமணி ஐயாவும் ஒருநாள் மத்தியானம் வந்தார். வேர்த்து விறுவிறுத்து வந்தவர், உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் மேல்துண்டால் விசிறுவதை நிறுத்திவிட்டார். ஊசியிலைக் காட்டுக்கு வந்த மாதிரி இருக்கிறதே ஐயா, கொடைக்கானலுக்குப் போகிற செலவு மிச்சம் என்றார். போகும்போது வாசலில் நின்று சொன்னார்: "நம்ம ஹாஸ்டல் பழைய கட்டடத்தையும் இப்படியே பண்ணிருவோம் ஜெபசீலன். பையன்க வேகறான். ஸ்கூல் திறக்கறதுக்குள்ள முடிச்சிரணும். அந்தத் துளசிங்கத்தையே திங்கட்கிழமை வரச் சொல்லு."

ஜெபசீலன் அன்று சாப்பிடக்கூட உட்காரவில்லை. காகிதத்தில் ஹாஸ்டலை வரைந்து ஜன்னல்களை அடித்துக்கொண்டே போனார். ஒரே ஹால், வரிசையாகப் பாய். மாணவர்கள் மிச்ச ஜன்னல்களைத் திறந்துவிடாமல் ராத்திரி வெளியே தாழ்ப்பாள் போடலாம் என்றார்.

அவள் கை பாத்திரத்தில் இருந்தது, மனசு அந்தப் பாய்களில் இருந்தது. அதில் ஒரு பையனுக்கு இருமல் இருந்தால் போதும். சொன்னால் இந்த வீட்டில் தன் இடம் என்னவாகும்? நாசரேத்தில் இருக்கிற நாத்தனார் நாளைக்கே மகளைக் கூட்டிக்கொண்டு போய் நெஞ்சை எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்ப்பாள். சனிக்கிழமை முழுக்கக் கூடத்துக்கும் கிணற்றடிக்குமாக நடந்தாள். துவைத்த துணியையே மறுபடி துவைத்தாள். ஞாயிறு கோயிலில் என்ன பாடினார்கள் என்றுகூட அவளுக்குத் தெரியாது.

கோயிலிலிருந்து வந்து அவர் சட்டையைக் கழற்றும்போது சொன்னாள்.

"உங்க உமி மட்டும் இல்லீங்க. ராத்திரி ராத்திரி நான் ஜன்னலத் திறந்து வெக்கறேன்."

அவர் பாதிச் சட்டையோடு நின்றார். "எத்தனை நாளா?"

"குளிர ஆரம்பிச்ச நாள்லேர்ந்து."

அவர் தெர்மாமீட்டரைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். முகம் சிவந்துபோனது. ஊரையே கூப்பிட்டுத் தரையைத் தொடச் சொன்னேனே, அப்போது வாயில் என்ன இருந்தது என்று கேட்டார். உன்னால் ஒரு ராத்திரி பொறுக்க முடியாதா என்றும் கேட்டார்.

"முடியாது" என்றாள். அப்புறம் நிறுத்தவில்லை. வேலூர் இல்லை, சானடோரியம் என்றாள். உள்ளறையைச் சொன்னாள், புஷ்பத்தைச் சொன்னாள். "அந்தப் பிள்ளைங்கள அடைச்சு வெக்காதீங்க. என்னை என்ன வேணா பண்ணுங்க."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"முன்னாடியே சொல்லிருக்கலாம்ல?"

"சொல்லிருந்தா கட்டிருப்பீங்களா?"

பொய் சொல்லத் தெரியாதவர் அவர். "அம்மா விட்டிருக்க மாட்டாங்க" என்றார். கொஞ்சம் பொறுத்து, "நானும் பயந்திருப்பேன்" என்றார். சட்டையை மறுபடி மாட்டிக்கொண்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சாப்பாடு ஆறிக் கிடந்தது.

எங்கே போனார்? அவருடைய அம்மாவுக்குத் தந்தி கொடுக்கவா? அவள் வாசலுக்கும் கொல்லைக்குமாக அலைந்தாள். ஒரு பெட்டியை எடுத்து இரண்டு புடவையை வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள்.

பொழுது சாய்ந்தபிறகு சைக்கிள் சத்தம் கேட்டது. தாளாளர் வீட்டுக்குப் போய்விட்டு வருகிறாராம். கணக்கில் தப்பு, வீடு குளிர்ந்தது ஜன்னல் திறந்திருந்ததால் என்று சொல்லிவிட்டாராம். ராத்திரி ஜன்னல் திறந்திருந்ததுகூடத் தெரியாத பௌதிக வாத்தியாரா என்று வேதசிரோமணி ஐயா விழுந்து விழுந்து சிரித்தாராம். ஹாஸ்டல் கூரைக்கு உமி மட்டும் போடுவது, ஜன்னலில் கை வைப்பதில்லை என்று முடிவாம். ராத்திரியில் திறந்தது யார், ஏன் என்று ஐயா கேட்டதற்கு, நான்தான் மறந்துபோய்த் திறந்து வைத்துவிட்டேன் என்று சொல்லி வந்துவிட்டாராம்.

சொல்லிக்கொண்டே கட்டில்மேல் இருந்த பெட்டியைப் பார்த்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, படுக்கையறை ஜன்னலில் ஒட்டியிருந்த ட்யூபை நகத்தால் பிய்க்க ஆரம்பித்தார். அது லேசில் வரவில்லை.

"அங்க உன் கட்டில் எந்தப் பக்கம் இருந்துச்சு?" என்று திரும்பாமலே கேட்டார்.

"கிழக்கால. தண்டவாளம் தெரியும்."

"குளிருமா?"

"மார்கழில ரொம்பக் குளிரும்" என்றாள் ஞானஜோதி. அடுப்படிக்குப் போய்க் கத்தியை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தாள். "ரெண்டு போர்வை தருவாங்க. ஒண்ணு எனக்கு, ஒண்ணு பக்கத்துக் கட்டில்ல ஒரு அக்கா இருந்தாங்க, தனம்னு பேரு, அவங்க என்கிட்ட வாங்கிக்குவாங்க."

"நீ குடுத்துருவியா?"

"குடுத்துருவேன்."

ட்யூபின் ஒரு முனை பிய்ந்து வந்தது. அவர் அதைப் பிடித்து இழுத்துக்கொண்டே, "அப்புறம்?" என்றார்.