கழுத்தை மடக்கிய கொக்கு

ஆவுடைத்தாய்க்குக் கோபம் வந்தால் வீட்டில் பாத்திரம் உருளாது. கடையில் மவுஸ்தான் அடி வாங்கும். அன்று காலையிலிருந்து அவள் அழுத்திய அழுத்தில், வண்ணார்பேட்டை மதார் பாய் கடையின் மவுஸ் உடையாமல் இருந்ததே பெரிய காரியம். அவள் முன்னால் திரையில் பத்தடிக்கு எட்டடி ஃப்ளெக்ஸ் ஒன்று பாதி முடிந்து நின்றது. அதில் அவள் கணவன் குற்றாலலிங்கம் கோட்டுப் போட்டுக்கொண்டு சிரித்தான். தலைக்கு மேல், 'கனடா ஐஸ் ஹாக்கி வீரர்களுக்கே சட்டை வடிவமைத்த நெல்லைத் தங்கம்' என்று கொட்டை எழுத்து.

அந்தச் சட்டையை வடிவமைத்தவள் ஆவுடைத்தாய். தங்கத்துக்கு ஃப்ளெக்ஸ் அடிக்க வேண்டியவளும் அவளேதான். ஒரு மனுஷிக்கு எவ்வளவுதான் பொறுமை இருக்கும், நீங்களே சொல்லுங்கள்.

பன்னிரண்டு வருஷமாக அவளுக்கு இந்தக் கடையில்தான் வேலை. கபடி அணிக்கு ஜெர்சி, கிரிக்கெட் அணிக்கு ஜெர்சி, கோயில் கொடைக்கு இளைஞர் குழு போடும் பனியன், எல்லாம் அவள் கையால் உருவாகிப் போகும். எந்த நிறத்தில் வியர்வை தெரியும், முதுகில் நம்பரை எவ்வளவு பெரிதாகப் போட்டால் கடைசி வரிசைக்காரன் கண்ணுக்குப் படும், எல்லாம் அவளுக்கு அத்துபடி. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு கத்திரி வெயிலில், சாப்பாட்டு நேரத்தில் செல்போனைத் தள்ளிக்கொண்டிருந்தபோது ஐஸ் ஹாக்கி வந்தது. கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கிறதே என்று பார்க்க ஆரம்பித்தாள். ஆட்டம் அவளுக்கு அரைகுறையாகத்தான் புரிந்தது. சட்டை முழுசாகப் புரிந்தது.

அப்புறம்தான் தெரிந்தது, உலகம் பூராவும் இதற்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறது என்று. தங்களுக்குப் பிடித்த அணியின் உடுப்பை, யாரும் கேட்காமலே புதிதாக வரைந்து இணையத்தில் போடுகிறவர்கள். 'கான்செப்ட்' என்று அதற்குப் பெயர். காலர் சரியில்லை, கைப்பட்டை தடித்துவிட்டது என்று ஒருவரை ஒருவர் காய்ச்சி எடுப்பார்கள். அஞ்சு பைசா வரும்படி கிடையாது. ஆவுடைத்தாய் அந்தக் கூட்டத்தில் போய்ச் சேர்ந்தாள். வேலை முடிந்து தினமும் ஒரு மணி நேரம் கடைக் கணினியில் வரைந்துகொள்ள மதார் பாய் விட்டார். குற்றாலலிங்கம் மட்டும் விடவில்லை. அவன் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். வீட்டையும் சும்மா கண்காணிப்பான். மணிமுத்தாறு அருவியில் நின்றாலே பல்லு தந்தியடிக்கிறவளுக்கு ஐஸ் ஹாக்கியா என்று, வீட்டுக்கு வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தான்.

கனடாவில் ஹார்லோ பே என்று ஓர் ஊர். அந்த ஊர் அணிக்கு ஹெரன்ஸ் என்று பெயர். ஹெரன் என்றால் வேறொன்றுமில்லை, நம் நயினார்குளத்தில் தவம் செய்வதுபோல் நிற்கிறதே, அந்தச் சாம்பல் பறவைதான். ஊரில் எல்லாவற்றையும் சேர்த்துக் கொக்கு என்றே சொல்லிவிடுவோம். அந்த அணியின் சட்டையில் கொக்கு கழுத்தை ஈட்டி மாதிரி நீட்டிக்கொண்டு பறந்தது. ஆவுடைத்தாய்க்குப் பார்த்ததுமே எரிச்சல். டவுணிலிருந்து கடைக்கு வரும் பஸ் தினமும் நயினார்குளத்துக் கரையோடு போகும். எத்தனை கொக்கு எழும்புவதை ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். ஒன்றாவது கழுத்தை நீட்டிக்கொண்டு பறந்ததில்லை. எழும்பினதும் கழுத்தை மடக்கித் தோளுக்குள் வைத்துக்கொள்ளும். காலை மட்டும்தான் பின்னால் நீட்டும்.

அப்படியே வரைந்தாள். கழுத்து மடங்கி, அலகு முன்னால் துருத்தி, இரண்டு காலும் நீண்டு போய்க் கைப்பட்டைக் கோடுகளாக முடிகிற மாதிரி. மழைக்கு முந்தின குளத்துத் தண்ணீரின் நிறம். ரசிகர்கள் வரைந்ததில் சிறந்ததை வீரர்கள் ஓர் ஆட்டத்துக்கு அணிவார்கள் என்று ஹெரன்ஸ் அணி போட்டி வைத்தபோது அதை அனுப்பினாள். விண்ணப்பத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம். அவளுக்கு இருப்பது ஒரே பெயர். கல்யாணத்துக்கு முன்னால் அதன் தலையில் அப்பா பாலசுப்பிரமணியனின் 'பா' இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு 'கு' வந்தது. மாற்றும்போது யாரும் அவளைக் கேட்கவில்லை. வங்கியில் எழுதுகிற மாதிரி, ஆதாரில் எழுதுகிற மாதிரி, இரண்டாவது கட்டத்தில் குற்றாலலிங்கம் என்று பழக்கதோஷத்தில் எழுதித் தொலைத்தாள்.

அவள்தான் ஜெயித்தாள். நாற்பது வருஷத்தில் முதல்முறையாக எங்கள் பறவையை ஒருவர் சரியாக வரைந்திருக்கிறார் என்று அணி எழுதியது. ஜெயித்தவர் பெயரை முதுகில் தைத்து ஒரு சட்டை பரிசாக வரும் என்று மாதிரிப் படமும் போட்டது. அந்த ஊர் வழக்கப்படி முதுகில் கடைசிப் பெயர். தோளிலிருந்து தோள் வரைக்கும் வளைந்து கிடந்தது குற்றாலலிங்கம்.

அந்தப் படத்தைக் குற்றாலலிங்கத்தின் அலுவலகத்தில் யாரோ பார்த்துவிட்டார்கள். படத்துக்குக் கீழே ஜெயித்தவர் பெயர் 'ஆவுடைத்தாய் குற்றாலலிங்கம்' என்று இருந்தது. அப்படி இருந்தால், நம் ஊர்க் கணக்கில் முன்னால் நிற்பது இனிஷியல், பின்னால் நிற்பதுதான் ஆள். சார் அம்மா பேரை இனிஷியலாகப் போட்டிருக்கிறார் என்று தீர்மானித்து, வாட்ஸ்அப் குழுவில் மாலை மரியாதை ஆரம்பமாகிவிட்டது.

முதல் நாள் குற்றாலலிங்கம் வாயே திறக்கவில்லை. இரண்டாம் நாள், வீட்டில் இரண்டு பேரும் சேர்ந்து செய்தது என்றான். நாலாம் நாள், ஒரு யோசனை தோன்றியது, வீட்டுக்காரியிடம் சொல்லி வரைய வைத்தேன் என்றான். அடுத்த வாரம் ஒரு யூடியூப்காரன் வந்து அவனைக் குறுக்குத்துறை ஆற்றங்கரையில் நிறுத்திப் பேட்டி எடுத்தான். தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவனுக்குக் கலை தானாக வரும் என்று குற்றாலலிங்கம் அதில் சொன்னான். ஆவுடைத்தாயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கடையில் உட்கார்ந்து அதைப் பார்த்த அவள் தயிர்ச்சாத டப்பாவை அப்படியே மூடி வைத்தாள்.

அன்று சாயங்காலமே கேட்டுவிட்டாள். அவன் டிவியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"ஏளா, உன் பேரு வேற எம் பேரு வேறயா? ஆபீஸ் பூரா பேசியாச்சு. இப்பம் போயி நான் இல்ல எம் பொண்டாட்டின்னு சொன்னா, எம் மூஞ்சிய எங்கன கொண்டு வைக்க?"

"எம் மூஞ்சிய எங்கன வைக்கன்னு நீங்க கேக்கலியே."

அவன் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினான். டிவிச் சத்தத்தைத்தான்.

மறுநாள் அவள் அணிக்கு மின்னஞ்சல் எழுதினாள். கடைசிப் பெயர் என்று நான் கொடுத்தது என் கணவர் பெயர், அவர் ஒரு கோடுகூட வரையவில்லை, எனக்கு இருப்பது ஒரே பெயர், அதைத் தையுங்கள் என்று தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் நேராக எழுதினாள். தவறுக்கு வருந்துகிறோம், அப்படியே செய்கிறோம் என்று பதில் வந்தது. மறைக்கிற புத்தி அவளுக்குக் கிடையாது. சட்டையில் தன் பெயரைப் போடச் சொல்லிவிட்டதாக அவனிடமும் சொன்னாள். அலுவலகத்துக்காரர்கள் ஏற்பாடு செய்த பாராட்டு விழாவுக்குக் கோட்டு வாடகைக்கு எங்கே கிடைக்கும் என்று போனில் விசாரித்துக்கொண்டிருந்தவன், "சரி, சரி" என்று கையை ஆட்டினான். எப்போது அவள் சொன்னதைக் காதில் வாங்கினான், அன்றைக்கு வாங்க.

அந்த விழாவுக்குத்தான் இந்த ஃப்ளெக்ஸ். மத்தியானம் குற்றாலலிங்கம் பார்த்துச் சரி சொல்ல நேரில் வந்தான். தன் படத்தைப் பெரிதாக்கச் சொன்னான். பிறகு மூலையில் அவள் வைத்திருந்த கொக்கைப் பார்த்து முகத்தைச் சுளித்தான்.

"என்னளா இது, கழுத்து முறிஞ்ச கோழி கணக்கா? நல்லா நீட்டிக்கிட்டுப் பறக்கிற கொக்காப் பாத்துப் போடு."

மூன்று வாரமாக ஊர் பூராவும் மாலை வாங்குகிறவன், தான் வரைந்ததாகச் சொல்லும் படத்தையே கவனித்துப் பார்த்ததில்லை. அவளுக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறியது. அவன் இணையத்தில் துழாவி, கழுத்தை நீட்டிப் பறக்கிற ஒரு வெள்ளைப் பறவையைத் தானே தேர்ந்தெடுத்துக் கொடுத்துவிட்டுப் போனான்.

மதார் பாய் கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். எல்லாம் தெரிந்தவர். "தாயி, மனசு கஷ்டப்பட்டு நீ இதச் செய்யாண்டாம். வேற ஆளு வச்சு முடிச்சிருதேன்" என்றார்.

"வேண்டாம் பாய். நம்ம கடை வழக்கம் என்ன, கேட்டதக் கேட்டபடி அடிச்சுக் குடுக்கதுதான? அவரு கேட்ட பறவையவே போடுதேன்."

போட்டாள். குற்றாலலிங்கத்தின் தலைக்கு மேலே, மூன்றடி அகலத்துக்கு.

பாளையங்கோட்டையில் ஒரு சின்ன மண்டபத்தில், பங்குனி வெயில் கொளுத்திய ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் விழா நடந்தது. நூறு பேர் வந்திருந்தார்கள். மேடைக்குப் பின்னால் ஃப்ளெக்ஸ். பேசியவர்கள் ஆளுக்கு அரைமணி நேரம் எடுத்துக்கொண்டார்கள். குற்றாலலிங்கம் பறவைகளை ஆழமாக ஆராய்ந்தவர் என்றார் ஒருவர். ஆவுடைத்தாய் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். கனடாவிலிருந்து வந்த பார்சல் பிரிக்காமல் மேடை மேசையில் இருந்தது. சட்டை வெளியே வரட்டும், பெயர் பேசட்டும், நாம் வாய் திறக்க வேண்டாம் என்று அவள் நினைத்திருந்தாள்.

பொன்னாடைக்குப் பிறகு குற்றாலலிங்கம் பார்சலைப் பிரித்தான். சட்டையை உதறி, கொக்கு தன்னைப் பார்க்க, முதுகு கூட்டத்தைப் பார்க்கப் பிடித்தான். இங்கிலீஷ் எழுத்தில் ஆவுடைத்தாய் என்று இருந்தது. கூட்டம் எழுத்துக்கூட்டி வாசித்தது. விழாத் தலைவர் எட்டிப் பார்த்துவிட்டு, யார் இது, அம்மா பெயரா என்று மைக்கிலேயே கேட்டார்.

அவன் சட்டையைத் திருப்பிப் பார்த்தான். பிறகு சிரித்தான் பாருங்கள், அந்தச் சிரிப்பை என்ன சொல்ல.

"எம் மனைவி பேரு. நம்ம பேரு என்னத்துக்கு, வீட்டுல கெடக்கவ பேரு உலகம் பூரா தெரியட்டும்னு நாந்தான் எழுதிப் போட்டேன்."

மண்டபம் கைதட்டியது. முன்வரிசைப் பெண் ஒருத்தி, இப்படி ஒரு புருஷன் யாருக்குக் கிடைக்கும் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தலைவர் ஆவுடைத்தாயை மேடைக்கு வந்து நன்றியாக நாலு வார்த்தை பேசச் சொன்னார்.

ஆவுடைத்தாய் எழுந்தாள். பெயரைப் பறித்துக்கொண்டதைக்கூட ஒரு மாதிரி பொறுத்திருந்தாள். அவள் கேட்டு வாங்கிய பெயரையே அவளுக்குப் பிச்சை போடுகிறானே, அதைப் பொறுக்க முடியவில்லை. விறுவிறுவென்று மேடையேறி, மைக்கை வாங்கி, கூட்டத்தைப் பார்க்காமல் அவனைப் பார்த்தாள்.

"சட்டையில கொக்கு ஏன் கழுத்த மடக்கியிருக்கு? சொல்லுங்க."

அவன் சட்டையைப் பார்த்தான். தலைவரைப் பார்த்தான். "அது... ஒரு அழகுக்கு" என்றான்.

"அழகுக்கு இல்ல. கொக்கு அப்படித்தான் பறக்கும். நாப்பது வருஷமா அவங்க சட்டையில தப்பாப் பறந்தத நான் திருத்தி வரைஞ்சேன். அதுக்குத்தான் ஜெயிச்சேன். இந்தா பின்னால ஃப்ளெக்ஸ்ல கழுத்த நீட்டிக்கிட்டுப் பறக்கு பாருங்க, அது கொக்கே இல்ல. என் படம் கழுத்து முறிஞ்ச கோழி மாதிரி இருக்குன்னு சொல்லி, அவரு தேர்ந்தெடுத்துக் குடுத்தது அதான். எம் பேரப் போடச் சொல்லி எழுதினவளும் நான்தான். அவரு எனக்கு எதையும் குடுக்கல."

யாரும் கைதட்டவில்லை. நூறு தலையும் ஃப்ளெக்ஸைப் பார்த்தது, சட்டையைப் பார்த்தது, மறுபடி ஃப்ளெக்ஸைப் பார்த்தது. பின்வரிசையில் மதார் பாய் மட்டும் எழுந்து நின்றார். குற்றாலலிங்கம் தோளிலிருந்து நழுவிய பொன்னாடையை இழுத்து இழுத்துச் சரிசெய்தான்.

அவள் சட்டையை அவன் கையிலிருந்து வாங்கிச் சேலைக்கு மேலேயே போட்டுக்கொண்டாள். பனிக்கட்டிமேல் ஓடுகிறவர்களுக்குத் தைத்த கனத்த துணி. மண்டபத்து வாசலைத் தாண்டுவதற்குள் முதுகில் வியர்வை வழிந்தது. கழற்றவில்லை. டவுண் பஸ்ஸில் ஏறி, நயினார்குளம் தெரிகிற பக்கமாக ஜன்னலோரம் இடம் பிடித்தாள்.

கண்டக்டர் பெண்களுக்கான இலவச டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே, ஜன்னல் பக்கம் திரும்பியிருந்த அவள் முதுகை எழுத்துக்கூட்டி வாசித்தான்.

"யக்கா, ஆவுடைத்தாய்னா யாரு, பிளேயரா?"

"நான்தான்" என்றாள்.