தபீதாளுக்கு ஐஸ் ஆகாது

1

இந்தக் கதை எனக்குச் சும்மா கிடைத்தது. சேலையூரில் எங்கள் வீட்டு மாடிப் போர்ஷனில் குடியிருந்த பத்ரிநாராயணன், மொட்டை மாடியில் துணி காயப்போட்டபடி சொன்னார். எழும்பூர்ப் பக்கம் ஒரு லேபில் அவருக்கு வேலை. சிரிக்கச் சிரிக்கச் சொன்னார், நானும் சிரித்தேன். கீழே இறங்கி வருவதற்குள் சிரிப்பு பாதியில் நின்றுபோனது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதல் தொடக்கம்: 'சினைப்பைப் புற்றுநோய்க் கட்டிகளில் ஏற்பி என்று ஒன்று உண்டு. ஹார்மோன் வந்து பொருந்துவதற்காக, பூட்டில் சாவித் துவாரம் மாதிரி...'

(நிறுத்திவிட்டேன். நீங்கள் கொட்டாவி விடுவது இங்கே கேட்கிறது. ஆனால் இரண்டு விஷயம் தெரியாமல் கதை நகராது. ஏற்பி இருக்கிற கட்டிக்காரர்கள் கூடுதல் காலம் பிழைக்கிறார்கள் என்று அன்றைக்குச் சில டாக்டர்கள் நம்பினார்கள். அது இருக்கிறதா என்று பார்க்க, வெட்டியெடுத்த துண்டு ஐஸிலேயே இருக்க வேண்டும். சூடு பட்டால் ஏற்பி அழிந்துபோகும்.)

2

இரண்டாவது தொடக்கம். 1991, மே மாத வெயில். தாம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரி. தபீதாளுக்கு ஆபரேஷன் முடிந்த கையோடு, டாக்டரம்மா அவள் வீட்டுக்காரர் சவுரிமுத்துவிடம் ஓர் ஐஸ் பெட்டியை நீட்டினார். அப்போதெல்லாம் அப்படித்தான். கட்டியை லேபுக்குச் சுமப்பது சொந்தக்காரர் வேலை.

"ஐஸ்லயே இருக்கட்டும். நேரா போயிடுங்க."

ஏன் என்று அவர் சொல்லவில்லை. சவுரிமுத்துவும் கேட்கவில்லை. குரோம்பேட்டையில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர், நெருப்புக்குப் பயப்படாதவர், டாக்டரம்மாவுக்குப் பயந்தார். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மின்சார ரயிலில் உட்கார்ந்தார்.

(இங்கே ஒரு மீன்காரியின் கூடையோடு பெட்டி மாறிவிடுவதாக ஒரு பக்கம் எழுதிக் கிழித்துப் போட்டேன். நடந்ததே போதும்.)

பல்லாவரம் தாண்டியதும் அவருக்கு மனசு கேட்கவில்லை. உள்ளே இருப்பது பாழாய்ப்போன கட்டிதான். ஆனாலும் தபீதாளின் கட்டி. அவளுக்கு ஐஸ் ஆகாது. கல்யாணமான புதிதில் ஒரே ஒரு ரோஸ்மில்க் குடித்துவிட்டு* ஒரு வாரம் இருமினவள். மெதுவாக மூடியைத் திறந்தார். கட்டி இருந்த பாட்டிலை எடுத்து ஈரத்தைத் துடைத்தார். தோளில் கிடந்த துண்டில் இறுக்கிச் சுற்றி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

* ரோஸ்மில்க் என் கைச்சரக்கு. பத்ரி சொன்னது சளி மட்டும்தான்.

3

"என்ன சார் இது? ஐஸ் பெட்டி ஒரு பக்கம், பாட்டில் ஒரு பக்கம்?" லேபில் பத்ரிநாராயணன் பதறிவிட்டார்.

"அவளுக்கு ஐஸ் ஆவாது சார், சளி கட்டிக்கும். இப்பத்தான் வயித்தக் கிழிச்சுத் தெச்சிக்கீறாங்க. இருமினா தையல் பிச்சிக்காதா?"

நாங்கள் சிரித்தது இந்த இடத்தில்தான்.

சோதனை செய்தார்கள். ஏற்பி இல்லை என்று வந்தது. கட்டியிலேயே இல்லையா, சவுரிமுத்துவின் நெஞ்சுச் சூட்டில் போய்விட்டதா? யாராலும் சொல்ல முடியவில்லை. மிச்சக் கட்டியை, கெடாமலிருக்க ஃபார்மலின் மருந்தில் போட்டாயிற்று. அது இந்தச் சோதனைக்கு உதவாது.

4

முடிவு அ: அடுத்த கிறிஸ்துமஸுக்கு முன்பே தபீதாள்...

"இன்னாய்யா எழுத்துக்காரரே, என்னை ஒரு வார்த்தை பேச வுடல. அதுக்குள்ள சாவடிக்கப் பாக்கறியே?"

நியாயம்தான். முடிவு ஆ: பேரப்பிள்ளைகள் சூழ, தொண்ணூறு வயதில்...

"இது இன்னும் பெரிய ரீலு."

சரி, நீயே பேசு தாயே. (இந்தக் காட்சியைப் பத்ரியும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.) வார்டில் சவுரிமுத்து கட்டிலோரம் நின்று தலையைத் தொங்கப்போட்டபடி எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

"நாந்தான் கெடுத்துட்டேன், தபீத்தா."

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "யோவ், சிரிக்க வெக்காத, வலிக்குது." பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "அப்போ, இல்லன்னு வந்தது பொய்யாவும் இருக்கலாமில்ல?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "இருக்கலாம்."

"அப்போ அந்தத் துண்டைக் குடு. இங்க ஃபேன் காத்து ஜில்லுன்னு கீது."

5

அப்புறம் என்ன ஆயிற்று என்று பத்ரிக்குத் தெரியாது. ஏற்பி உள்ளவர்களில் எத்தனை பேர், இல்லாதவர்களில் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று மட்டும் சொல்லுவார். அந்தக் கூட்டத்தில் தபீதாள் எங்கே நிற்கிறாள் என்று கேட்டால் வேட்டியை உதறிக் காயப்போடுவார்.

பட்டறை இருக்கும் தெரு எனக்குத் தெரியும். சைக்கிளில் போய்விடலாம். இரண்டு தடவை கிளம்பினேன். இரண்டு தடவையும் தெருமுனையிலேயே திரும்பிவிட்டேன். அவள் இருப்பாளா என்று பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை.

நீங்கள் போங்கள். வாசலில் அவள் உட்கார்ந்திருந்தால் ஒன்றும் விசாரிக்க வேண்டாம். குடிக்க ஏதாவது வாங்கிக்கொண்டு போவதாக இருந்தால் மட்டும், ஐஸ் போடாமல் வாங்குங்கள்.